மறுபக்கம் திரும்பிய அ

1

என் கைபேசிக்கு என்னைவிட நாள் ஞாபகம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. டென்மார்க்குக்கு வந்து இறங்கிய நாள், வேலை கிடைத்த நாள், முதல் பனியில் சறுக்கி விழுந்த நாள், என் மனைவி மாலா முதன்முதலாக டெனிஷ் மொழியில் ஒருவரை ஏசிய நாள் என்று எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வைக்கிறவன் நான். சொந்தக்காரரில் யாருக்காவது தங்கள் கலியாண நாள் மறந்துபோனால் எனக்குத்தான் அழைப்பு வரும். அப்படிப்பட்ட என்னை, இன்று காலை வேலைக்குப் போகும் பேருந்தில் வைத்து, சட்டைப் பைக்குள் கிடந்த இந்தச் சாமான் முந்திவிட்டது. 'ஒரு வருடத்துக்கு முன் இதே நாளில்' என்று ஒரு படத்தை எடுத்து நீட்டியது.

ஒரு பித்தளைத் தட்டு. அதில் பரப்பிய பச்சையரிசி. அரிசிக்கு நடுவே ஒரு சின்னச் சுட்டுவிரல். அதைப் பிடித்தபடி, நீலச் சாயம் பூசிய நகங்களோடு ஒரு பெரிய கை. விரல் எழுதி முடித்திருந்தது ஓர் அ. அழகான, சுழியும் கோடும் அளவாக அமைந்த அ. ஒரேயொரு குறை, அது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோய்ப் பிடித்தால்தான் அது அ.

பேருந்துக்குள் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண்மணி தன் கைப்பையை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டார். இந்த நாட்டில் காலைப் பேருந்தில் தனியாகச் சிரிப்பவர்களை எல்லோரும் கவனமாகத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் கைபேசியை நான் முழுவதாக வெல்லவிடவில்லை. அந்தப் படம் எடுத்தது விஜயதசமி அன்று. விஜயதசமி திதியைப் பிடித்துக்கொண்டு வருவது, ஆங்கிலத் தேதியைப் பிடித்துக்கொண்டு வருவதல்ல. எங்கள் கணக்கில் இன்னும் வருடம் ஆகவில்லை. "உனக்குத் தேதிதான் தெரியும், திதி தெரியாது" என்று அதற்கு மெல்லச் சொன்னேன். பெண்மணி எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

2

நான் வேலை செய்வது டென்மார்க்கின் யூலாந்துப் பகுதியில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில். படிப்பிக்கிற வேலை அல்ல. கதிரை மேசை திருத்துவது, விளக்கு மாற்றுவது, பனி தள்ளுவது. ஒரு நாட்டின் கல்விக் கொள்கை பள்ளிக்கூடப் பராமரிப்பாளனின் முதுகில்தான் முதலில் தெரியும் என்பது என் துணிபு. சில வருடங்களுக்கு முன், இனி எல்லாம் திரையில்தான் என்றார்கள். புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டி நிலவறைக்கு இறக்கினேன். பிறகு, பிள்ளைகள் வாசிக்க மறக்கிறார்கள், புத்தகம்தான் நல்லது என்றார்கள். அதே பெட்டிகளை மேலே ஏற்றினேன். எந்தக் கொள்கை சரி என்று என்னைக் கேட்டால், இறக்குவது சுலபம் என்று மட்டும் சொல்வேன்.

இப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் கைபேசிகளுக்கென்று ஒரு 'விடுதி' இருக்கிறது. உண்மையாகவே அப்படித்தான் அதற்குப் பெயர். சின்னச் சின்ன அறைகள் வைத்த மர அலுமாரி. காலையில் பிள்ளைகள் தங்கள் கைபேசியை அதில் குடியிருத்திவிட்டு வகுப்புக்குப் போக வேண்டும். அலுமாரியைச் செய்தவனும் நான், பூட்டுகிறவனும் நான். முன்பு ஊரில் சோதனைச் சாவடியில் நின்றவர்களை நாங்கள் பார்த்த அதே பார்வையை இப்போது தினமும் காலையில் நான் வாங்கிக்கொள்கிறேன்.

போன வருடம் புரட்டாதி மாதத்தில் ஒரு காலை, அந்த அலுமாரியைப் பூட்டிக்கொண்டு நிற்கும்போதே என் சட்டைப் பைக்குள்ளிருந்து கோயில் மணியடித்தது. அதுதான் என் அழைப்பொலி. வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அழைத்தவள் என் தங்கை வசந்தி, மன்னார்ப் பக்கத்துக் கீரி என்ற ஊரிலிருந்து.

"அண்ணா, வேலையோ?"

"பிள்ளையளின்ர போனைப் பூட்டிக்கொண்டு நிக்கிறன்."

"நல்ல வேலை. உங்கட போனை ஆர் பூட்டுறது?"

வசந்தி மன்னார் நகரத்தில் முதலாம் வகுப்பு ரீச்சர். வயதில்தான் எனக்கு இளையவள், மற்றெல்லாவற்றிலும் மூத்தவள். கலியாணம் முடித்து கீரிக் கடற்கரைப் பக்கம் வீடு கட்டி இருக்கிறாள். பின்நேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க விறாந்தையில் ஒரு கரும்பலகையும் வைத்திருக்கிறாள்.

"உங்கட சின்னவள் துளசிக்கு நாலு வயசு முடியப் போகுது. வாற விசயதசமிக்கு ஏடு தொடக்காட்டி எப்ப தொடக்கப் போறியள்?"

"இஞ்ச ஆரடி தொடக்கிவிடுறது? ஐயர் எண்டால் தூரத்தில இருந்து கார் பிடிச்சு வரவேணும்."

"நான் தொடக்கிவிடுறன்."

"நீ கீரியில இருக்கிறாய்."

"இப்ப என்னோட எதில கதைக்கிறியள்? அதிலதான்."

தொலைபேசியில் படிப்பிப்பதைப் பற்றி அவளோடு வாதாட முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் அவள் அரிப்பு என்ற மீன்பிடிக் கிராமத்தில் படிப்பித்தாள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்க, பாடங்களைக் குரலாகப் பதிந்து வீடுகளுக்கு அனுப்பினாள். வீட்டுக்கு ஒரு கைபேசிதான். அதைத் தகப்பன்மார் பொலித்தீன் பையில் சுற்றிக் கடலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆகவே முதலாம் வகுப்புப் பாடம் முழுவதும் கடலுக்குப் போயிற்று. ஒருநாள் 'நண்டுக்கு எத்தனை கால்?' என்று வீட்டுவேலை கொடுத்தாள். மத்தியானம் பதில் வந்தது. பின்னணியில் இயந்திரச் சத்தம், அலைச் சத்தம், அதற்குமேல் ஒரு தகப்பனின் குரல். "ரீச்சர், பிள்ளை வீட்டில. நண்டு என்ர கையில இருக்கு. எண்ணிச் சொல்லுறன். ஒண்டு, ரெண்டு, மூண்டு..." எட்டு வரைக்கும் நன்றாகத்தான் போனது. பிறகு "ஐயோ அம்மா!" என்று ஒரு சத்தம். பதிவு அதோடு முடிந்தது. வசந்தி அந்தப் பிள்ளைக்கு முழுப் புள்ளி போட்டாள்.

3

பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுதுவிக்கும் இந்தச் சடங்கு மாலாவுக்குச் சும்மா ஒரு சடங்கல்ல. எங்கள் மூத்த மகள் நிவேதாவுக்கு ஏடு தொடக்கவே இல்லை. அவளுக்கு நாலு வயதாக இருந்தபோது வதிவிட அனுமதிக்காக நாங்கள் ஒரு கந்தோரிலிருந்து அடுத்த கந்தோருக்கு அலைந்துகொண்டிருந்தோம். இப்போது அவளுக்குப் பதினாறு வயது, படிப்பில் முன்வரிசை. தமிழ் கேட்டால் விளங்கும். பேசினால் பாதியில் நின்றுபோகும். எழுத்து ஒன்றும் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குச் சின்ன வயதில் இரண்டு முறை போனாள். மூன்றாம் முறை வயிற்றுக்குத்து என்றாள். அந்த வயிற்றுக்குத்து இன்னும் மாறவில்லை.

"மூத்ததின்ர விரலை ஒருத்தரும் அரிசியில பிடிக்கேல்ல. அது டெனிஷ்காரியாப் போச்சு" என்றாள் மாலா. "சின்னனையும் விட ஏலாது."

"அரிசிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கு ஒழுங்கா எழுதுவிச்சவை. நான் சோதனையில தமிழுக்குத் திறமைச் சித்தி. உங்களுக்கு எழுதுவிச்சதை ஆர் திண்டது எண்டு மன்னாருக்கே தெரியும்."

மன்னார் நகரத்தில் பெரியப்பா வீட்டு முற்றத்தில் எனக்கு ஏடு தொடக்கினார்கள். எழுதி முடித்து, எல்லோரும் பஞ்சாமிர்தத்துக்குத் திரும்பிய நேரம், தெருவில் போன கழுதை ஒன்று படலையைத் தள்ளிக்கொண்டு வந்து, தட்டிலிருந்த அரிசியை என் அகரத்தோடு சேர்த்து நக்கித் துடைத்துவிட்டுப் போனது. நான் கணக்கில் குறைவாக எடுத்த ஒவ்வொரு முறையும் பெரியப்பா தெருவைப் பார்த்து, "படிச்சது வெளியில திரியுது" என்பார்.

விஜயதசமி வியாழக்கிழமை வந்தது. துளசி பாலர் பள்ளிக்குப் போகும் நாள். வரமாட்டாள் என்பதைப் பாலர் பள்ளியின் செயலியில் அறிவிக்க வேண்டும். அதில் காரணத்துக்கு மூன்று கட்டங்கள் இருந்தன: நோய், விடுமுறை, வேறு. 'வேறு' என்பதை அமர்த்தினால் விளக்கம் எழுதச் சொன்னது. நான் உண்மையை எழுதினேன். 'அன்று எங்கள் மகள் எழுதத் தொடங்குகிறாள்.' சிறிது நேரத்தில் பாலர் பள்ளித் தலைவி அழைத்தார். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போகும் வயது வரும்வரை பிள்ளைகளை எழுத்தால் தொந்தரவு செய்யக்கூடாது என்று உறுதியாக நம்புகிறவர்கள் பலர். அவர் மிகவும் கனிவாகத் தொடங்கினார்.

"நாலு வயதில் எழுத வைப்பது அவளுக்குச் சுமையாக இருக்காதா?"

"ஒரே ஒரு எழுத்துத்தான்."

"ஒரு எழுத்தா?"

"ஒன்றுதான். உடனே முடிந்துவிடும்."

"அப்படியானால் ஏன் முழுநாள் லீவு?"

"அதற்குப் பிறகு நாங்கள் சாப்பிட வேண்டும்."

அது மிக நல்ல முறை என்றும், டெனிஷ் எழுத்துகளுக்கும் அப்படி ஒன்று இருந்தால் தானும் வருவதாகவும் சொன்னார். வைக்கும்போது, என்ன சாப்பாடு என்றும் கேட்டார்.

4

நல்ல நேரம் கீரிக்கு முற்பகலில் இருந்தது. எங்களுக்கு அது விடிந்த கையோடு. மாலா பட்டுச் சேலை கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, விளக்குப் புகைக்கு அலறாதபடி முகட்டில் இருந்த புகைமணிக்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டாள். துளசி புதுச்சட்டையோடு பாயில் இருந்தாள். அவளுக்கு முன்னால் அரிசித் தட்டு, தட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய திரையுள்ள பலகைக் கணினி, அதற்குள் கீரி வீட்டு விறாந்தையும் கரும்பலகையும் வசந்தியும். ஏற்பாடு இதுதான்: வசந்தி கரும்பலகையில் அகரத்தை மெல்ல எழுதிக் காட்ட, இங்கே ஒருவர் துளசியின் விரலைப் பிடித்து அரிசியில் அதன்படி எழுதுவிக்க வேண்டும்.

"விரலை ஆர் பிடிக்கிறது?" என்று கேட்டாள் மாலா.

"படிப்பில ஆர் கெட்டிக்காரியோ அவ பிடிக்கட்டும்" என்றாள் வசந்தி. "நிவேதா, வா பிள்ளை."

நிவேதா சுவரோடு சாய்ந்து நின்றவள். "எனக்கு அது தெரியாது" என்று டெனிஷில் சொன்னாள்.

"பாத்து எழுதத் தெரியுந்தானே? நான் எழுதிற மாதிரியே எழுது. அவ்வளவுதான்."

அவள் வந்தாள். காலை மடக்கிப் பாயில் இருந்தாள். நீல நகக் கையால் தங்கையின் விரலைப் பிடித்துக்கொண்டு, சோதனைத் தாளைப் பார்ப்பது போலத் திரையைப் பார்த்தாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவள் எங்களோடு ஒரு பாயில் இருந்தது அன்றைக்குத்தான். மாலா கண்ணை மூடி, வாய்க்குள் தேவாரம் பாடத் தொடங்கினாள். நான் திரைக்குப் பின்னால் நின்று, முன்னால் இருந்த இரண்டு முகங்களையும் என் கைபேசியில் பதிந்துகொண்டிருந்தேன். ஆகவே திரையைப் பார்த்தவள் நிவேதா மட்டும். எனக்குத் தட்டு தலைகீழாகத் தெரிந்தது. எழுத்து எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

"சுழி... ஆ, அப்பிடித்தான்... இனிக் கீழ வா... இப்ப குறுக்க... கடைசியா நேர்க்கோடு. சரி! துளசி படிச்சிட்டா!"

கீரியில் கைதட்டல் கேட்டது. துளசி அரிசியை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். நிவேதா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பதிந்து வைத்திருக்கிறேன்.

5

பதிவிலிருந்து ஒரு படத்தை எடுத்து, தலைகீழாக இருந்ததை நிமிர்த்திக் குடும்பக் குழுவுக்கு அனுப்பியது நான்தான். மன்னார், லண்டன், ரொறன்ரோ என்று எங்கும் சிதறிக் கிடக்கும் சொந்தக்காரர் எல்லோரும் ஒரு முற்றத்தில் இருப்பது அந்தக் குழுவில்தான். முதலில் பூக்கள் வந்தன. பிறகு கும்பிடு கைகள். பிறகு லண்டனிலிருந்து பெரியப்பாவின் மகன் பாலன் அண்ணா எழுதினார்.

"இது என்ன எழுத்து? சீனப் பாசையோ?"

அப்போதுதான் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். அதுவரை பூப்போட்டவர்கள் ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

"கையைப் பிடிச்சது ஆர்?"

"நிவேதா."

"அக்காவுக்கே அ தெரியாது. அவ தங்கச்சிக்கு ஏடு தொடக்கினவவாம்!"

கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசை வரிசையாக வந்து விழுந்தன. இடையில் வசந்தி வேறு, "நான் சரியாத்தான் எழுதினனான். என்ர கண்ணால கண்டனான்" என்று எழுதி வைத்தாள். அதோடு பழி முழுவதும் ஒரே இடத்தில் போய் நின்றது.

பாலன் அண்ணா பொல்லாதவர் அல்ல. முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்து சொன்னால் அது பகிடி; நிவேதாவும் சேர்ந்து சிரித்திருப்பாள். தமிழ் வாசிக்கத் தெரியாதபடியால் அவளுக்கு இது தெரியவரவும் நியாயமில்லை. ஆனால் கைபேசியில் மொழிபெயர்க்கும் பொத்தான் ஒன்று இருக்கிறதே! அது பகிடியையும் பாசத்தையும் வழித்து எறிந்துவிட்டு, மிச்சத்தை அவள் கையில் கொடுத்தது. 'மூத்த சகோதரிக்கு முதலாவது எழுத்துத் தெரியாது.'

அவள் குசினிக்கு வந்து, "அது பிழையா?" என்று தாயிடம் கேட்டாள்.

மாலா அந்தப் படத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். "ஒரு எழுத்து! ஒரேயொரு எழுத்துக்கூடத் தெரியாதோ உனக்கு? அந்தப் பிள்ளையின்ர தொடக்கத்தையே பிழைக்கப் பண்ணிப்போட்டாய்!"

நிவேதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். என் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. 'நிவேதா வெளியேறினார்' என்று குழுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி.

நான் வந்த புதிதில், ஊரோடு பேசுவதென்றால் மன்னார் நகரத்திலிருந்த தொலைபேசிக் கடைக்கு எடுக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு வசந்தி பஸ் பிடித்து வந்து அங்கே காத்திருப்பாள். கடை நிறைய ஆட்கள். எல்லோருக்கும் எங்கள் கதை கேட்கும். அந்தத் தொலைபேசியிலும் நாங்கள் சண்டை பிடித்திருக்கிறோம். ஆனால் கோபித்துக்கொண்டு போவது இலேசல்ல. அடுத்த பஸ் வரும்வரை அவள் அந்தக் கதிரையில்தான் இருக்க வேண்டும். பஸ் வருவதற்குள், பக்கத்தில் இருந்த யாராவது ஒரு கிழவி, "அண்ணனோட கோவிக்காத பிள்ளை" என்று சொல்லிச் சமாதானம் செய்துவிடுவாள். இப்போது ஒரு விரலால் தொட்டால் வெளியே போய்விடலாம். கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்காது.

அன்றைக்குச் சமைத்ததை ஒருவரும் சாப்பிடவில்லை. கடைக்குட்டியைப் பிடிக்கப் போன இடத்தில் மூத்தவளை விட்டுவிட்டோம் என்று எனக்கு விளங்கியது. மாலாவுக்கும் விளங்கியது. அதை எந்த மொழியில் போய் அவளிடம் சொல்வது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.

6

சனிக்கிழமை காலை நிவேதாவின் அறைக்குள் தமிழ் கேட்டது. உடுப்புக் கூடையோடு போன நான், நீக்கலாகக் கிடந்த கதவுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டேன். அவளாகவே வசந்தியை அழைத்திருந்தாள். எங்களூரில் தகப்பனின் சகோதரியை மாமி என்போம். நிவேதா முறையைச் சரியாகத்தான் சொன்னாள், மரியாதைதான் வழியில் எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

"மாமி, நீ எழுதினது. நான் அதே மாதிரி எழுதினது. ஒரே மாதிரி. நான் பிழை இல்லை."

"ஓமடி பிள்ளை. ஆனால் நானும் பிழை இல்லை. அப்ப ஆர் பிழை?"

"பொறு. உனக்குப் பின்னால என்ன?"

"பின்னாலயோ? கலண்டர்."

"எடு. போனுக்குக் காட்டு."

கடதாசி சரசரக்கும் சத்தம்.

"எனக்கு நாலு தெரியுது. நேர் நாலு. உனக்கு?"

"எனக்கும் நாலுதான்... இல்லை, பொறு. இது என்ன இது? நாலு திரும்பியெல்லோ நிக்குது!"

"மாமி, உன்ர போன் உனக்குக் கண்ணாடி. உனக்கு மட்டும். எனக்கு நேராத்தான் வரும்."

கடதாசி மறுபடி சரசரத்தது. பிறகு வசந்தி, "ஐயோ, நான் பேய்ச்சி!" என்றாள்.

விஜயதசமிக்கு முதல்நாள் இரவு அவள் ஒத்திகை பார்த்திருக்கிறாள். துளசியின் முகத்தைப் பார்க்காமல் ஏடு தொடக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆகவே கைபேசியின் திரை தன்னைப் பார்த்திருக்கும்படி வைத்துக்கொண்டு பலகையில் எழுதிப் பார்த்தாள். திரையில் எழுத்து மறுபக்கம் திரும்பித் தெரிந்தது. டென்மார்க்குக்கும் இப்படித்தான் போகப்போகிறது என்று நினைத்து, திரையில் நேராகத் தெரியும் வரைக்கும் பலகையில் திருப்பித் திருப்பி எழுதிப் பழகியிருக்கிறாள்!

இதற்குள் பின்னால் வசந்தியின் கணவர், என் மச்சான் சிவம், சிரிக்கும் சத்தம் கேட்டது. மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் வேலை, அதிகம் பேசாத மனிதர். "நான் அண்டைக்கே கேட்டனான் பிள்ளை, ஏனப்பா பலகையில எழுத்து அங்கால பாத்துக்கொண்டு நிக்குது எண்டு. 'நீங்கள் சும்மா இருங்கோ, இது டெக்னிக்கல்' எண்டவ உங்கட மாமி!"

மத்தியானம் குடும்பக் குழுவில் வசந்தியின் குரல் வந்தது.

"எல்லாரும் கேளுங்கோ. முதலாம் வகுப்புப் பிள்ளையள் எழுத்தைத் திருப்பி எழுதினால் திருத்திறதுக்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருது. நான் ராவிருந்து திருப்பி எழுதப் பழகினனான். நேற்று வகுப்பிலயும் கை பழக்கத்தில பலகை நிறையத் திருப்பி எழுதிப்போட்டன். பிள்ளையள் 'ரீச்சர், ரீச்சர்' எண்டு கத்துதுகள், நான் சத்தம் போடாதையுங்கோ எண்டு பேசிறன்! நிவேதாவில ஒரு பிழையும் இல்லை. நான் காட்டினதை ஒரு சுழி பிசகாமல் எழுதின பிள்ளை அது. பாலன் அண்ணா, நீங்கள் அவளிட்டை மன்னிப்புக் கேக்கவேணும்."

பாலன் அண்ணா உடனே கேட்டார். ஆனால் கேட்டது குழுவில். அவள்தான் அங்கே இல்லையே.

மாலா கதவடியில் போய் நின்றாள். கையில் ஒரு தட்டு மோதகம். "நிவே... அம்மா சொன்னது பிழை" என்றாள். உள்ளே இருந்து, "பிறகு சாப்பிடுகிறேன்" என்று டெனிஷில் பதில் வந்தது. மாலா தட்டை வாசலில் வைத்துவிட்டு வந்தாள். இரவு தட்டு வெறுமையாக இருந்தது. அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த சமாதானம்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த அறைக்குள் கீரி வந்து போனது. கதவு சாத்தியிருக்கும். சில நேரம் காகம் கரையும் சத்தம், சில நேரம் சிவம் மச்சானின் மோட்டார் சைக்கிள், சில நேரம் இரண்டு பெண்கள் மூச்சுவிடாமல் சிரிக்கும் சத்தம். வசந்தியை விசாரித்தால், "அது எங்கட விசயம், நீங்கள் உங்கட அலுமாரியைப் பூட்டுங்கோ" என்றாள். எங்கள் வீட்டில் நிவேதா முன்போலவே டெனிஷில் பதில் சொன்னாள். குழுவுக்குத் திரும்பவில்லை.

மார்கழியில் ஒருநாள், வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்றேன். தற்செயலாக நிவேதாவின் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்திருந்தது. அதில் விரலால் எழுதிய எழுத்துகள், வரிசையாக. அ, ஆ, இ, ஈ. எல்லாமே எனக்குத் திரும்பித்தான் தெரிந்தன. அப்படியென்றால் உள்ளே அவை நேராக இருக்கின்றன! மண்வெட்டியைப் பனியில் குத்திவிட்டு, குளிரில் நின்று கைகொட்டிச் சிரித்தேன். நாயோடு போன பக்கத்து வீட்டுக்காரர், ஒன்றும் பிரச்சினை இல்லையா என்று கேட்டார். ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். மாலாவுக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவள் போய்ப் பாராட்டுவாள். பாராட்டினால் நிவேதா ஜன்னலைத் துடைத்துவிடுவாள்.

7

ஏடு தொடக்க அடுத்த நல்ல நாள் தைப்பூசம். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, செயலிக்கும் தலைவிக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. வெளியே இருட்டு விலகவில்லை. மாலா மறுபடி விளக்கேற்றினாள், மறுபடி புகைமணிக்குத் தொப்பி மாட்டினாள், மறுபடி அரிசி பரப்பினாள். கீரியில் இந்த முறை வசந்தியின் வீடு நிறையச் சனம். போன முறை நடந்த கூத்து பரவி, அயலட்டை எல்லாம் பார்க்க வந்திருந்தது.

"இந்தமுறை நானே பிடிக்கிறன்" என்றாள் மாலா. அவள் பயப்பட்டாள். பிழைத்தால் மறுபடி யாரைக் காயப்படுத்திவிடுவோமோ என்ற பயம்.

துளசி கையை இழுத்துக்கொண்டாள். "அக்கா!"

"அம்மா பிடிக்கிறன் குஞ்சு."

"அக்காதான்!" துளசி விரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

நிவேதா அறை வாசலில், தலை கலைந்தபடி நின்றாள். நாங்கள் இருவரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. மாலா விளக்குத் திரியைத் தேவையில்லாமல் தூண்டினாள். நான் என் கைபேசியைத் தேவையில்லாமல் துடைத்தேன்.

அவள் வந்து பாயில் இருந்தாள். பிறகு, ஒருவரும் எதிர்பாராத ஒரு வேலை செய்தாள். பலகைக் கணினியைப் பிடித்துச் சரித்து, முகட்டைப் பார்க்க வைத்தாள்.

கீரி குழம்பியது. "என்ன நடந்தது?" "ஒண்டும் தெரியேல்ல!" "முகடு தெரியுது, முகடு மட்டும்!" "அது என்ன, தொப்பி தொங்குது?"

"மாமி" என்றாள் நிவேதா. "இண்டைக்குப் பாக்க வேண்டாம். கேளுங்கோ."

நான் மாலாவைப் பார்த்தேன். மாலா என்னைப் பார்த்தாள். கேளுங்கோ!

"ஓம் பிள்ளை" என்றாள் வசந்தி முகட்டைப் பார்த்தபடி. "நாங்கள் கேக்கிறம். எல்லாரும் வாயை மூடுங்கோ!"

நிவேதா தங்கையின் விரலைப் பிடித்தாள். எதையும் பார்க்காமல், ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல், அரிசியில் அதை ஓட்டினாள். சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நேர்க்கோடு. "அ" என்றாள். "அ" என்றாள் துளசி. இந்த முறை நான் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றேன். அது நேராகத்தான் நின்றது.

மாலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சரி, போதும். ஒரு எழுத்துக் காணும்."

"பொறுங்கோ" என்றாள் நிவேதா. பக்கத்தில் ஆ எழுதினாள். அதன் வால் தட்டின் விளிம்புவரை போனது. கீழே இடம் பிடித்து இ எழுதினாள். "என்ன எழுதினம் இப்ப?" என்று முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கீரி கேட்டது. துளசி கத்திக் கத்திச் சொன்னாள். ஈக்கு இடம் காணவில்லை. தட்டைக் குலுக்கி அரிசியைச் சமப்படுத்தி எழுதினாள். உ, ஊ. அரிசி விளிம்பால் பாயில் கொட்டியது. நிவேதா பாயிலும் எழுதத் தொடங்கினாள். அக்காவும் தங்கையும் முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து போனார்கள். எழுத்துகள் விளக்கடியைத் தாண்டி, கம்பளத்தைத் தாண்டி, சாய்கதிரைக்குக் கிட்டப் போய் அரிசி முடிந்து நின்றன. கீரியில் யாரோ விசிலடித்தார்கள்.

நிவேதா நெற்றி மயிரை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, அரிசி காணாது. இன்னும் கொண்டு வாங்கோ."

மாலா பட்டுச் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு குசினிக்குள் போனாள். அரிசி அளக்கும் சுண்டோடு வருவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மூட்டையோடு வந்தாள்.